சிவப்பு எண்ணெய்

மலைப்பாதையில் பிரேக் போன லாரியை வெறும் ஹாரனை அடித்தே நிறுத்தியவர் ஆயிரம்மைல். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவரே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். இன்னொரு தடவை ஆயிரம் மைல் தூரத்தைச் சாப்பிடாமல், தூங்காமல், ஒண்ணுக்குக்கூட இறங்காமல் ஓட்டிக் கடந்தாராம். போய்ச் சேர்ந்ததும் வண்டிதான் மயங்கி விழுந்ததாம், அவர் விழவில்லை. பெயர் அப்படி வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. போன வருஷம் அதுவும் போயிற்று.

புதுப்பிக்கப் போன இடத்தில் கண் பரிசோதனை. சுவரில் தொங்கிய அட்டையில் மேல்வரியை மட்டும் கணீரென்று வாசித்தார். அதுவும் முன்னால் நின்ற ஆள் சத்தமாக வாசித்தது காதில் விழுந்திருந்ததால். அடுத்த வரிக்கு வந்ததும், "இதெல்லாம் எறும்புக்கு எழுதினது சார், மனுஷனுக்கு எழுதினதைக் காட்டுங்க" என்றார். அவர்கள் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து தெருவில் சொன்னது வேறு. "ஓட்டினது போதும்னு நானே குடுத்துட்டேன். வாங்கிக்கிட்ட ஆபீசர் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு."

அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு எரிந்தது அவர் மனைவியின் கையால். கார் சாமான் விற்கும் கடையில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவள். அங்கே வரும் துணி பில்டர்களை எப்படிக் கழுவி எண்ணெய் விடுவது என்று டப்பாவோடு வரும் தாளைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டாள். இஞ்சின் மூச்சிழுக்கும் வழியில் தூசியைப் பிடிக்கிற சாமான் அது. சாதாரண வண்டியில் காகிதத்தில் இருக்கும், அழுக்கானால் தூக்கிப் போட வேண்டியதுதான். துணியில் செய்தது அப்படியில்லை. கழுவி, காயவைத்து, மறுபடி எண்ணெய் காட்டினால் வருஷக் கணக்கில் உழைக்கும். அந்தக் கடையை ஒரேயடியாக மூடிவிட்டபின் அவள் அந்த வேலையை வீட்டுப் பின்கட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். மெக்கானிக்குகள் கொண்டுவந்து கொடுத்துப் போவார்கள். தெருவில் அவளுக்குப் பில்டரக்கா என்று பெயராகிவிட்டது. இதில் ஆயிரம்மைலுக்கு ஒரு சின்ன முள் இருந்தது. முன்பெல்லாம் அவளை "ஆயிரம்மைல் சம்சாரம்" என்பார்கள். இப்போது அவரைப் "பில்டரக்கா வீட்டுக்காரர்" என்கிறார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் வேன் ஷெட்டிலிருந்து பன்னிரண்டு பில்டர் வந்தது. தொழிற்சாலைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன்கள். மொத்தம் ஐம்பத்திரண்டு. முதலில் பன்னிரண்டைக் கொடுத்துப் பார்ப்போம், சரியாக வந்தால் மிச்சமும் உனக்குத்தான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஷெட் மேனேஜர் சொல்லியனுப்பியிருந்தார். அதைக் கேட்ட அவள் பின்கட்டுத் தகரக் கூரையில் ஒழுகிய ஓட்டைக்கு அன்றைக்கே தார் பூசினாள்.

இரண்டு நாள் கழுவினாள். முதலில் விளிம்பைத் தரையில் மெல்லத் தட்டினாள். புழுதி, செத்த பூச்சி, ஒரு பில்டரிலிருந்து முழுசாக ஒரு தேனீ. பிறகு கழுவுநீரை அடித்து ஊறவிட்டாள். அப்புறம் குழாயை நூலாகத் திறந்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை விட்டாள். வெளியிலிருந்து விட்டால் அழுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். கறுப்புத் தண்ணீர் சாம்பலாகி, சாம்பல் தெளிந்து, துணி வெளுக்கும்வரை விட்டாள். வாசல்படியில் உட்கார்ந்து ஆயிரம்மைல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்படி ஒண்ணொண்ணா குளிப்பாட்டினா எப்ப முடியறது? குழாயை நல்லாத் திறந்துவிடேன்."

"வேகமா அடிச்சா துணி கிழியும்."

"கிழிஞ்சா தெரியாதா?"

"நமக்குத் தெரியாது. இஞ்சினுக்குத் தெரியும்."

"காத்தடிக்கற மெஷின் ஒண்ணு கொண்டாந்து ஊதினா அஞ்சு நிமிஷத்துல காயும். நான் ஊதினா லாரி டயரே காஞ்சிரும்."

"நீங்க வாயால ஊதறது போதுமுங்க."

மழைக் காற்றில் அவை காய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. வெயிலிலும் வைக்கவில்லை, அடுப்புப் பக்கமும் கொண்டுபோகவில்லை. தகரக் கூரைக்குக் கீழே கயிற்றில் வரிசையாகத் தொங்கின. காலையும் மாலையும் மடிப்பில் விரல் வைத்துப் பார்ப்பாள். ஈரத்தோடு எண்ணெய் விட்டால் எண்ணெய் பிடிக்காது.

வியாழக்கிழமை மதியம் எண்ணெய் விட்டாள். சிவப்பு எண்ணெய். பிடித்த இடமும் பிடிக்காத இடமும் தெரியட்டும் என்று சாயம் போட்டு விற்பது. குறுகிய மூக்குள்ள புட்டியைச் சாய்த்து, ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் ஒரே ஒரு கோடு. அவ்வளவுதான். கோட்டுக்குக் கோடு இடையில் வெள்ளையாகவே இருக்கும். அதை அப்படியே விட்டுவிட வேண்டும். இருபது நிமிஷத்தில் எண்ணெய் தானாகப் பரவித் துணியெல்லாம் ஒரே இளஞ்சிவப்பாகும். அப்போதும் வெள்ளை நின்றால் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு சொட்டு. இந்த இருபது நிமிஷம்தான் இந்தத் தொழிலின் முழு வித்தையும்.

பன்னிரண்டையும் முடித்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "கட்டிக் குடுக்க அட்டைப் பெட்டி வாங்கிட்டு வந்துடறேன். நாலு மணிக்கு ஷெட்டுலேருந்து ஆள் வருவான். நீங்க ஒண்ணும் தொடவேணாம். வந்து நான் பாத்துக்கறேன்."

"நான் ஏன் தொடறேன்?" என்றார் ஆயிரம்மைல்.

அவள் தெரு முனை திரும்பியதும் எழுந்துபோய்ப் பார்த்தார். கெட்ட எண்ணத்தில் பார்க்கவில்லை. மனைவியின் பெரிய வேலை, ஒரு கண் பார்ப்போம் என்றுதான். பார்த்தவருக்குப் பகீரென்றது. எல்லாம் வெள்ளை. கோடு கோடாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது, மீதியெல்லாம் வெள்ளை. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தார். அப்போதும் வெள்ளை. இருபத்தைந்து நிமிஷம் கழித்தும் அப்படியே இருந்தது. உண்மையில் அதற்குள் எண்ணெய் ஓடிப் பரவி, துணி முழுக்க ரோஜா இதழ் நிறத்தில் பழுத்திருந்தது. ஆனால் அவர் கண்ணுக்குள் கொஞ்ச காலமாக அழுக்குக் கண்ணாடி போல ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வழியாக இளஞ்சிவப்பும் வெள்ளையும் அக்கா தங்கைகூட இல்லை, ஒரே ஆள்.

அவள் வரவில்லை. தூறல் ஆரம்பித்திருந்தது. நாலு மணிக்கு ஆள் வந்து இப்படி அரைகுறையாகப் பார்த்தால் மானம் போய்விடும் என்று அவருக்கு நிஜமாகவே பதறியது. அவர் ஓட்டிய காலத்து லாரிகளில் பில்டர் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கும். எண்ணெய் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு இஞ்சினுக்கு நல்லது. நாற்பது வருஷ அனுபவம் அதைத்தான் சொன்னது. மாடத்தில் பிரிக்காத புட்டி இரண்டு இருந்தது. ஒன்றைப் பிரித்தார். பன்னிரண்டுக்கும் கஞ்சத்தனம் இல்லாமல் விட்டார். கடைசியில் நன்றாகக் கறுஞ்சிவப்பாகத் தெரிந்ததும்தான் மனசு ஆறியது.

ஷெட்டின் ஆள் மழைக்குப் பயந்து சீக்கிரமே வந்துவிட்டான். ஆயிரம்மைலே செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். காலிப் புட்டியைக் குப்பைத் தொட்டியில், கீரைத் தண்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஏன் அடியில் தள்ளினார் என்று அவரிடமே கேட்டாலும் சொல்லத் தெரியாது.

நனைந்த பெட்டிகளோடு அவள் வந்து நின்றாள். "அதுக்குள்ள குடுத்துட்டீங்களா? எங்கயாவது வெள்ளை நின்னுச்சா?"

"ஒரு எடத்துலகூட இல்ல. செவசெவன்னு ஜம்முனு இருந்துச்சு."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லி, தலையைத் துவட்டிக்கொண்டாள். அன்று ராத்திரி சோற்றுக்கு ஆளுக்கொரு முட்டை வைத்தாள்.

சனிக்கிழமை காலை ஷெட் மேனேஜர் நேராக வீட்டுக்கே வந்தார். குடையை மடக்காமலே உள்ளே வந்ததில் வாசலில் கொஞ்ச நேரம் இழுபறி ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பில்டரைத் தரையில் போட்டார். அதன் மூலையிலிருந்து சிவப்பாக ஒரு சொட்டு இறங்கி, தரையில் உருண்டு நின்றது.

"என்னம்மா இது? பில்டர் குடுத்தீங்களா, விளக்குத் திரி குடுத்தீங்களா?"

அவள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள்.

"நேத்துக் காலம்பற பாலத்துமேல, கொட்டற மழையில, அஞ்சு வண்டி நின்னுபோச்சு. ஒண்ணு ரெண்டு இல்லம்மா, அஞ்சு. பில்டருக்குப் பின்னாடி குழாயில தலைமயிர் கணக்கா ஒரு கம்பி இருக்கு. எவ்வளவு காத்து உள்ள போகுதுன்னு அதான் இஞ்சினுக்குச் சொல்லும். உங்க எண்ணெய் போய் அதுமேல அப்பிக்கிச்சு. இஞ்சினுக்கு மூச்சுக் கணக்கே தெரியல, தொண்டை அடைச்ச மாதிரி விக்கி விக்கி நின்னுருச்சு. எழுபது பேரு. தொழிற்சாலை கேட்டைச் சாத்திட்டான். அத்தனை பேருக்கும் அரைநாள் போச்சு."

அந்த எழுபதில் பக்கத்து வீட்டுக்காரியும் ஒருத்தி. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

"எண்ணெய் போட்டது யாரு?" என்றார் மேனேஜர்.

அவள் மாடத்தைப் பார்த்தாள். இரண்டு புட்டி இருந்த இடத்தில் ஒன்று இருந்தது. பிறகு திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வாங்க என்று நிற்பது போலப் பார்த்தாள்.

ஆயிரம்மைலுக்கு வாய் திறந்தது. நான்தான் என்று சொல்லத்தான் திறந்தது. ஏன் போட்டாய் என்று அடுத்து கேட்பார்கள். வெள்ளையாகத் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். வெள்ளையாக இல்லையே என்பார்கள். அதற்குப் பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த ஆபீசர், லைசென்ஸ், எல்லாம் வரிசையாகச் சரியும். திறந்த வாயை அப்படியே மூட முடியாதே. வேறு ஒன்று வெளியே வந்தது.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார், அளவா விடுன்னு. பொம்பளைங்களுக்கு எண்ணெய்னா கை தாராளம். கேட்டாத்தானே?"

சொன்னபோது கடைசியில் ஒரு சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதைத்தான் அவரால் பின்னாளில் மறக்கவே முடியவில்லை.

அவள் பிடித்திருந்த கதவைச் சாத்துவது போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்புதாங்க சார்" என்றாள்.

"உங்க வீட்டுக்காரரு அனுபவஸ்தர். ஒரு வார்த்தை கேட்டுச் செய்யக்கூடாதா?" என்று சொல்லிவிட்டு மேனேஜர் குடையோடு மறுபடி வாசலில் சண்டை போட்டுக்கொண்டு போனார்.

அதன்பின் மூன்று நாள் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டாள். வெந்நீர் வைத்தாள். அவர் சட்டையைத் துவைத்தாள். மெக்கானிக்குகள் ஒவ்வொருத்தராக வந்து, கழுவக் கொடுத்ததைக் கழுவாமலே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். கயிறு வெறுமனே ஆடியது. ஆயிரம்மைல் திண்டாடிப்போனார். அவள் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி, கணக்கைச் சரி பண்ணியிருப்பார். நாலாம் நாள் சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

"உப்புக் கம்மியா இருக்கு."

"போட்டுக்கங்க."

"ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லுங்க. என் புடவை என்ன நிறம்?"

ஆயிரம்மைல் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இதென்ன கேள்வி? எப்பவும் கட்டறதுதானே?"

"என்ன நிறங்க?"

"...வெளிர் நிறம்."

"ரோஸு" என்றாள். "நீங்க எடுத்துக் குடுத்ததுதான்." பிறகு தண்ணீர் குடித்தாள். "உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு எனக்கு எப்பவோ தெரியும். தட்டுல ஈ உக்காந்தா நான்தானே ஓட்டறேன். அதைப் பத்தி நான் யார்கிட்டயாவது ஒரு வார்த்தை பேசியிருக்கேனா?"

"இல்ல."

"நல்லது பண்றதா நினைச்சுப் பண்ணிட்டீங்க. அது போகட்டும். ஆனா அந்தாளு கேட்டப்ப நான் உங்களைக் காட்டிக் குடுக்கல. நீங்க என்னைக் காட்டிக் குடுத்தீங்க. அதுவும் நான் செய்யாததுக்கு."

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"போய்ச் சொல்லிட்டு வாங்க. எனக்காக இல்ல. கையி இருக்கு, நான் பாத்திரம் தேச்சுக்கூட சோறு போட்டுருவேன். பில்டரக்காவுக்கு எண்ணெய் அளவு தெரியாதுன்னு ஊரு பேசுது பாருங்க, அது மட்டும் வேணாம்."

மறுநாள் காலையிலேயே போனார். போகிற வழியெல்லாம் உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தார். இதுவரை சொன்ன கதைகளுக்கெல்லாம் ஒத்திகை தேவைப்பட்டதில்லை. ஷெட்டில் மேனேஜர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குமாஸ்தா வேன் சாவிகளை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த எண்ணெய்யை ஊத்தினது நான். அவ சரியாத்தான் போட்டுட்டுப் போனா. நான்தான் மறுபடி ஒரு புட்டி ஊத்தினேன்."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது. "உக்காருங்கண்ணே."

"நிஜமாத்தான் சார்."

"தெரியுதுண்ணே. அன்னைக்கே கவனிச்சேன், அந்தம்மா முகம் சுருங்கினதும் உங்களுக்குத் தாங்கல." குமாஸ்தா பக்கம் திரும்பினார். "பாத்தியா? பொண்டாட்டி பண்ணின தப்பைத் தன் தலையில போட்டுக்க மழையில நடந்து வந்திருக்காரு. நம்ம வீட்டுல உப்பு ஜாஸ்தியானா நாம தெருவுக்கே சொல்றோம்."

"ஹாரனடிச்சு லாரியை நிறுத்தினவராச்சே" என்றார் குமாஸ்தா. "இதையும் நல்லாத்தான் சொல்றாரு."

"ஐயோ, சத்தியமா சொல்றேன் சார்!"

"சரிண்ணே, நாப்பது வருஷம் ஸ்டியரிங் புடிச்சவரு நீங்க. எண்ணெய் போட்ட பில்டர்மேல ஏன் மறுபடி எண்ணெய் ஊத்தப்போறீங்க? அதைச் சொல்லுங்க, நம்பறேன்."

ஒரு வாக்கியம்தான். எனக்குக் கண் தெரியவில்லை சார், வெள்ளை என்று நினைத்துவிட்டேன். அதைச் சொன்னால் அத்தனையும் நேராகிவிடும். ஆயிரம்மைல் ஆணியில் தொங்கிய சாவிகளைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு சாவி. அவருக்கு அது ஒரே வெள்ளிப் பூச்சாகத் தெரிந்தது.

"சும்மா... தோணுச்சு சார்" என்றார்.

மேனேஜர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் பின்கட்டில் வெறுங்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். நம்பலை. நான் உன்னைக் காப்பாத்தப் பாக்கறேன்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்தாரு."

"கண்ணைப் பத்திச் சொன்னீங்களா?"

ஆயிரம்மைல் செருப்பைக் கழற்றுவதில் வெகு மும்முரமாக இருந்தார்.

"அதைச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு" என்றாள். கயிற்றைச் சுருட்டி முடித்து ஆணியில் மாட்டினாள். "டீ நல்லா இருந்துச்சா?"

சாயங்காலத்துக்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. அத்தனை நாள் முகம் கொடுக்காமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் தானாகவே பேசினாள்.

"உன்மேல கோவமாத்தான் இருந்தேன், அரைநாள் போச்சேன்னு. ஆனா உன் வீட்டுக்காரரு பண்ணினதைக் கேட்டதும் மனசே ஒருமாதிரி ஆயிருச்சு. உன் தப்பைத் தன் தப்புன்னு போய் நின்னாராமே! எனக்கும் ஒண்ணு இருக்குது பாரு, குழம்புல மயிர் விழுந்தாக்கூட என் தலைமயிர்தான்னு அளந்து காட்டும். நீ குடுத்து வெச்சவ."

"ஆமாங்க" என்றாள் பில்டரக்கா. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஷெட்டிலிருந்து இரண்டு மூட்டை வந்து இறங்கியது. நாற்பது பில்டர். கூடவே ஒரு கட்டுச் சீட்டு. கொண்டுவந்த டிரைவர் வாசலில் நின்றே ஒப்பித்தார். "மேனேஜர் சொன்னாருண்ணே, வேலை அக்கா செய்யட்டும், ஆனா எண்ணெய் அளவை ஒவ்வொண்ணா நீங்க பாத்து, சீட்டுல கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பணுமாம். உங்க கையெழுத்து இல்லாத பில்டரை வண்டியில ஏத்த மாட்டோம்."

ஆயிரம்மைல் மனைவியைப் பார்த்தார். அவள் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்வாள் என்று பயந்தார். சொல்லிவிட மாட்டாளா என்றும் இருந்தது. அவள் இரண்டையும் செய்யவில்லை. தட்டினாள், ஊறவைத்தாள், நூல் தண்ணீரில் கழுவினாள். சுருட்டிய கயிறு மறுபடி ஏறியது. மழை விட்டு, துணி காய நாலு நாள் பொறுத்தாள்.

எண்ணெய் விட்ட அன்று பின்கட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவரை உட்காரவைத்தாள். மடியில் அட்டை, அட்டைமேல் சீட்டுக் கட்டு, கையில் பேனா. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கோடு விட்டாள். இருபது நிமிஷம் சுவரில் சாய்ந்து சும்மா இருந்தாள். பிறகு ஒன்றை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க."

பார்த்தார். வெள்ளை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரியா இருக்கா?"

"எனக்கென்னங்க தெரியும்? எண்ணெய் விஷயத்துல கை தாராளமானவ நான். நீங்க சொல்லுங்க."

"சரியாத்தான் இருக்கு."

"அப்பப் போடுங்க."

போட்டார். அடுத்தது வந்தது. பார்த்தார், போட்டார். எட்டாவதுக்குப் பிறகு பார்ப்பதுபோலத் தலையை மட்டும் சாய்த்தார். பத்துக்குப் பிறகு அதையும் விட்டுவிட்டார். கழுத்து வலித்தது. பேனா மட்டும் ஓடியது.

பதின்மூன்றாவது சீட்டில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது அவள் அந்தப் பில்டரை மற்றவற்றோடு வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"இதுக்கு நான் இன்னும் எண்ணெயே போடலைங்க."

ஆயிரம்மைல் பேனாவை மூடினார்.

"மூடாதீங்க" என்றாள். "இன்னும் இருபத்தேழு இருக்கு."